லோ விசிலில் விரல்பிடி: 14 வாரப் பயிற்சியின் நிகழ்வு ஆய்வு

அயர்லாந்தின் லிமரிக் நகரில் வாழும் தமிழ்ப் பெண் ஒருவர் லோ விசிலை, அதாவது ஆறு துளைகளுள்ள நீளமான அயர்லாந்து ஊதுகுழலை, வலியில்லாமல் பிடித்து ஊதப் பழகிய 14 வாரங்களின் பதிவு இது. அவர் மருத்துவமனைச் செவிலியர், வயது 34, திருச்சிப் பக்கம் வளர்ந்து, பள்ளி நாள்களில் 5 ஆண்டுகள் கர்நாடகப் புல்லாங்குழல் பயின்றவர். நான் இதே ஊரில் 11 ஆண்டுகளாக லோ விசில் வாசித்து வருகிறேன். ஆசிரியர் என்று சொல்லிக்கொள்ளும் தகுதியில் அல்ல, பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவர் என்ற முறையில்தான் இதை எழுதுகிறேன். பெயரைத் தவிர மற்ற அனைத்தையும் எழுதிக்கொள்ளலாம் என்று அவர் மனமுவந்து சொன்னார். லோ விசிலைத் தொட்டுவிட்டு, தம் கை சிறியது என்ற முடிவோடு விட்டுவிட்டவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு இந்தப் பதிவு பயன்பட வேண்டும் என்பதே என் விருப்பம்.

அவர் கொண்டுவந்த குறை

2023 அக்டோபரில் முதல் நாள் அவர் சொன்னதை அப்படியே குறித்து வைத்திருந்தேன். “அக்கா, எனக்கு விரல் பத்தாது. ஆறாவது ஓட்டை எட்டவே மாட்டேங்குது. எட்டிப் பிடிச்சாலும் கீழ் ‘ச’ வராம மேல் ‘ச’தான் கத்துது. இதை வித்துட்டுச் சின்னதா ஒண்ணு வாங்கிடட்டுமா?”

அதற்கு முன் இரண்டு மாதங்கள் அவர் தனியாக முயன்றிருந்தார். பத்து நிமிடம் ஊதினால் வலக்கைக் கட்டை விரலின் அடிச்சதையில் வலி எடுக்கும், அதோடு நிறுத்திவிடுவார். மரத்துப்போதலோ இரவு நேரக் குத்தலோ இல்லை என்பதை முதலிலேயே கேட்டுத் தெரிந்துகொண்டேன். அவை இருந்திருந்தால் விசிலை ஒரு பக்கம் வைத்துவிட்டு மருத்துவரைப் பார்க்கச் சொல்லியிருப்பேன்.

அவரிடம் இருந்தது அலுமினியக் குழாயில் செய்த, டி சுருதியிலான லோ விசில். வாய்ப்பக்கத்திலிருந்து துளைகளை 1 முதல் 6 வரை எண்ணினால், 4ஆவது துளையின் மையத்திலிருந்து 6ஆவது துளையின் மையம் வரை 7.3 செ.மீ. இருந்தது. அவருடைய வலக்கையோ, மணிக்கட்டு மடிப்பிலிருந்து நடு விரல் நுனி வரை 16.5 செ.மீ. மட்டுமே. விரல்களை வளைத்து, நுனிகளை மேசை மீது ஊன்றி, சிரமமில்லாத அளவுக்கு விரிக்கச் சொன்னபோது ஆள்காட்டி விரல் நுனிக்கும் மோதிர விரல் நுனிக்கும் இடையே 6 செ.மீ. வந்தது. இந்தக் கணக்கை வைத்துப் பார்த்தால் அவர் சொன்னதுதான் சரி, விரல் பத்தாது. இரண்டு மாதமாக அவர் போட்டுக்கொண்டிருந்த கணக்கும் இதுவே.

கருவி ஏன் இவ்வளவு அகலமாக இருக்கிறது

டின் விசிலைப் பலர் பார்த்திருப்பார்கள்; ஒரு சாண் நீளத்தைச் சற்றே தாண்டும் சிறு தகரக் குழல். லோ விசில் அதே குடும்பத்தின் மூத்தது. விரலமைப்பு ஒன்றுதான், ஆறு துளைகள்தான்; ஆனால் ஒலி ஒரு ஸ்தாயி கீழே இருக்கும். எல்லாத் துளைகளையும் மூடினால் வரும் டி, ஏறக்குறைய 294 ஹெர்ட்ஸ். நம் கணக்கில் 2 கட்டை. கீழிருந்து ஒவ்வொரு விரலாகத் தூக்கிக்கொண்டே போனால் கிடைப்பது, அந்த டியை ஷட்ஜமாகக் கொண்ட சங்கராபரணம். இரு முனையும் திறந்த குழாயில் அந்தச் சுரம் பிறக்க அலைநீளத்தில் பாதி, அதாவது 58 செ.மீ. அளவுக்குக் காற்றுத்தூண் வேண்டும். சிறிய டி விசிலுக்கு அதில் பாதி போதும். நீளம் இரட்டிக்கும்போது துளைகளின் இடைவெளியும் இரட்டிக்கிறது. வாசிப்பவரின் கை மட்டும் அதே கைதான்.

இன்றைய வடிவிலான லோ விசில் மிகப் பழையதன்று. 1971இல் அயர்லாந்துக் கலைஞர் ஃபின்பார் ஃப்யூரியின் மூங்கில் விசில் உடைந்துபோக, இங்கிலாந்தைச் சேர்ந்த பெர்னார்ட் ஓவர்ட்டன் அதற்கு மாற்றாக உலோகக் குழாயில் செய்து பார்த்ததிலிருந்து இந்த மரபு தொடங்குகிறது. 1980களில் மூவிங் ஹார்ட்ஸ் குழுவின் டேவி ஸ்பிலேன் அதைப் பரவலாக அறியச் செய்தார். ஃப்யூரியும் ஸ்பிலேனும் அடிப்படையில் இல்லியன் பைப் என்னும், துருத்தியால் காற்றூட்டும் அயர்லாந்துக் குழல் கருவியை வாசிப்பவர்கள் என்பது விரல்பிடியைப் புரிந்துகொள்ள மிகவும் உதவும் செய்தி. பைப் வாசிப்பவர்கள் நெடுங்காலமாகவே விரல்களை நீட்டி, நுனியால் மூடாமல் விரலின் நடுப்பகுதியால் துளைகளை மூடுபவர்கள். ஆகவே லோ விசில் முதலில் போய்ச் சேர்ந்த கைகளுக்கு விரல்பிடி என்று தனியாக ஒன்றைக் கற்க வேண்டிய தேவையே எழவில்லை. டின் விசிலிலிருந்தோ கர்நாடகக் குழலிலிருந்தோ வருபவருக்குத்தான் அது கேள்வியாகிறது. இந்தப் பிடியைப் ‘பைப்பர் பிடி’ என்றே வாசிப்பவர்கள் சொல்கிறார்கள்.

நம் பக்கத்துக்கும் இது முற்றிலும் புதிதன்று. பன்னாலால் கோஷ் (1911–1960) வழியாக இந்துஸ்தானி மேடைக்கு வந்த நீளமான பான்சுரியில் பலரும் இப்படித்தான் மூடுகிறார்கள். என் மாணவிக்கு அந்தப் பழக்கம் இல்லை. அவர் பயின்றது எட்டுத் துளைக் கர்நாடகக் குழல். அங்கே விரல் நுனியின் சதையை மெல்ல உருட்டித் துளையைப் பாதி திறந்து கமகம் பிடிப்பதுதான் அவர் கைக்குத் தெரிந்த வித்தை. அந்த வித்தை எவ்வளவு ஆழமாக ஊறியிருந்ததோ அவ்வளவுக்கு அது இங்கே தடையாக இருந்தது. விசிலைக் கையில் எடுத்ததும் ஆறு விரல்களும் தாமாகவே வளைந்து நுனியைத் தேடின.

முதல் இரண்டு வாரங்கள்: நான் செய்த தவறு

தொடக்கத்தில் நானும் அவருடைய கணக்கையே நம்பினேன். கீழ்க் கையின் நீட்சிதான் சிக்கல் என்று எண்ணி, பைப்பர் பிடியைக் காட்டி, நடு விரலையும் மோதிர விரலையும் தினமும் விரித்துப் பழகச் சொன்னேன். கசிவு இருந்தால் இன்னும் கொஞ்சம் அழுத்திப் பாருங்கள் என்றும் சொல்லிவிட்டேன். இரண்டாம் வார முடிவில் வலி கூடியிருந்தது, கீழ் ‘ச’ வரவில்லை. அழுத்தச் சொன்னது என் தவறு. அழுத்தும் விரல் விறைக்கிறது, விறைத்த விரல் துளையின் விளிம்புக்கு ஏற்ப இணங்கிக் கொடுப்பதில்லை. எதிர்ப்பக்கத்தில் கட்டை விரல் அதே அளவு திருப்பித் தள்ள வேண்டியிருக்கிறது. கட்டை விரலின் அடிச்சதையில் வந்த வலிக்கு நேரடிக் காரணம் இதுதான்.

மூன்றாம் வாரம் நான் அவர் விரல்களைப் பார்ப்பதை விட்டுவிட்டு ஒலியைக் கேட்க உட்கார்ந்தேன். அவர் சொன்ன குறையின் இரண்டாம் பாதியை நான் முதல் நாள் சரியாகக் காதில் வாங்கவில்லை என்பது அப்போதுதான் புரிந்தது. கீழ் ‘ச’ வராமல் மேல் ‘ச’ வருகிறது என்று அவர் சொல்லியிருந்தார். 6ஆவது துளை சரியாக மூடாவிட்டால் அப்படி ஆகாது. அங்கே கசிந்தால் ஒலி கம்மிப்போகும், ‘ச’வுக்கும் ‘ரி’க்கும் நடுவில் எங்கோ பலவீனமாக நிற்கும், காற்று சீறும். ஒரே தாவலில் மேல் ஸ்தாயிக்குப் போகாது.

அப்படித் தாவ வேண்டுமென்றால் கசிவு குழாயின் நடுப்பகுதியில் இருக்க வேண்டும். இரு முனை திறந்த குழாயில் அடிச் சுரம் ஒலிக்கும்போது காற்றழுத்தத்தின் ஏற்ற இறக்கம் நட்ட நடுவில்தான் உச்சமாக இருக்கிறது. அங்கே மயிரிழை அளவு வழி கிடைத்தாலும் அந்த அழுத்தம் நிலைக்காது. அடிச் சுரம் கலைந்து, நடுவில் அழுத்த மாற்றமே தேவைப்படாத மேல் ஸ்தாயிச் சுரம் அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளும். லோ விசிலில் அந்த நடுப்பகுதிக்கு மிக அருகில் இருப்பது 1ஆவது துளை. அயர்லாந்துக் குழல் வாசிப்பவர்கள் மேல் ‘ச’வைத் தெளிவாக எழுப்ப முதல் விரலை மட்டும் தூக்குவதும் இந்தக் காரணத்தால்தான். என் மாணவி தம்மை அறியாமலே அதைச் செய்துகொண்டிருந்தார்.

சோதித்துப் பார்க்க இன்சுலேஷன் டேப் ஒரு துண்டு போதுமாயிருந்தது. 1ஆவது துளையின் மேல் அதை ஒட்டிவிட்டு வழக்கம்போல் ஊதச் சொன்னேன். கீழ் ‘ச’ வந்தது. சிறு தொலைவு தள்ளி ஒரு பெரிய வண்டி கடந்து போவதுபோல் கண்ணாடிச் சன்னலில் அதிர்வு தெரிந்தது. அவர் ஊதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். “ஆறாவது ஓட்டையை நான் மூடிட்டுத்தான் இருந்திருக்கேனாக்கா?” என்று கேட்டார். மூடிக்கொண்டுதான் இருந்தார், அதுவும் இரண்டு மாதமாக. எட்டாதது என்று அவர் நம்பிய துளையை ஒவ்வொரு முறையும் எட்டியிருக்கிறார். எட்டும் முயற்சியில் வலக்கை குழாயைச் சற்றே தன் பக்கம் திருப்பியது. அந்தத் திருப்பலில் இடக்கை ஆள்காட்டி விரலின் அடியிலிருந்து 1ஆவது துளையின் ஓரம் நழுவியது. குறை கீழே தெரிந்தாலும் ஓட்டை மேலே இருந்தது.

தடங்களைப் படித்தல்

அன்று மாலையிலிருந்து நாங்கள் தோலில் விழும் தடங்களைப் படிக்கத் தொடங்கினோம். இந்தப் பயிற்சி முழுவதிலும் மிகுந்த பலன் தந்தது இதுவே என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

விரல் நுனியில் தொடு உணர்வு மிகக் கூர்மையானது. துளையின் விளிம்பு எங்கே இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடலாம். விரலின் நடுப்பகுதிக்கு அந்தக் கூர்மை இல்லை. அதனால் பைப்பர் பிடிக்கு மாறும் எவருக்கும் முதல் சில வாரங்கள் கையுறை போட்டுக்கொண்டு வாசிப்பதுபோல் இருக்கும். மூடியிருக்கிறதா இல்லையா என்று விரல் சொல்லாது. அதைத் தோல் சொல்லும். ஒரு சுரத்தை ஐந்தாறு விநாடி பிடித்துவிட்டு விரலைத் திருப்பிப் பார்த்தால், துளையின் விளிம்பு அதில் ஒரு வளையத்தைப் பதித்திருக்கும். வளையம் முழுதாக இருந்தால் துளை மூடியிருந்தது. ஒரு பக்கம் அறுந்து மூன்றாம் பிறைபோல் இருந்தால், அறுந்த பக்கத்தில் காற்று போயிருக்கிறது. வளையம் ஆழமாகச் சிவந்து நெடுநேரம் மறையாமல் இருந்தால் அழுத்தம் அதிகம்.

அன்று அவருடைய வலக்கை மோதிர விரலில் வளையம் முழுதாக, ஆழமாக, கிட்டத்தட்ட காயம்போல் இருந்தது. இடக்கை ஆள்காட்டி விரலில் இருந்ததோ நகத்துண்டு அளவுக்கு ஒரு பிறை. அதுவும் விரல் மடிப்பின் மேல் விழுந்திருந்தது. மடிப்பு என்பது பள்ளம்; பள்ளத்தால் துளையை மூட முடியாது. விரலை அரை செ.மீ. முன்னோ பின்னோ நகர்த்தி, மடிப்புகளுக்கு இடைப்பட்ட சதை துளைமேல் வருமாறு செய்ய வேண்டும்.

இடங்களைக் குறிப்பிட எங்களுக்குள் ஒரு பேச்சுமொழி தேவைப்பட்டது. விரல் கணுக்களில் கட்டை விரலை வைத்து எண்ணும் வழக்கம் நம் வீடுகளில் உண்டல்லவா, அதையே எடுத்துக்கொண்டோம்: நகத்துக்குக் கீழே இருப்பது நுனிக்கணு, அடுத்தது நடுக்கணு, உள்ளங்கையை ஒட்டியது அடிக்கணு. இந்த மூன்று சொற்களும் வந்த பிறகு, “மூணாவது துளைக்கு நுனிக்கணு, கொஞ்சம் உள்ள” என்று தொலைபேசியிலேயே பேசிக்கொள்ள முடிந்தது.

பிடியை அமைத்த விதம்

நான்காம் வாரத்திலிருந்து நீட்சிப் பயிற்சிகள் அனைத்தையும் நிறுத்தினோம். துளையைத் தேடி விரல் போவதற்குப் பதிலாக, கை முதலில் குழாய்க்கு வந்து சேர வேண்டும் என்பதை மட்டும் வைத்துக்கொண்டோம்.

இதற்கு உடலமைப்பில் ஒரு காரணம் இருக்கிறது. விரல்கள் உள்ளங்கையோடு சேரும் மூட்டு வளைந்திருக்கும்போது அதன் பக்கவாட்டுத் தசைநார்கள் இறுகிக்கொள்கின்றன. விரல்களை அகற்ற முடிவதில்லை. அதே மூட்டு நேராக இருக்கும்போது அவை தளர்கின்றன. கையை முக்கால் பங்கு மூடிக்கொண்டு விரல்களை விரித்துப் பார்த்துவிட்டு, பிறகு கையை நீட்டி விரித்துப் பார்த்தால் எவரும் இதை உணரலாம். முதல் நாள் நான் எடுத்த 6 செ.மீ. என்ற அளவு, வளைந்த விரல்களின் அளவு. அந்த அளவை வைத்து அவர் கைக்கு வரம்பு கட்டியதே பிழை.

இரண்டாவது காரணம் எளிய கணக்கு. விரல்கள் குழாய்க்குச் செங்குத்தாகக் குறுக்கே போனால், துளைகளின் இடைவெளி முழுவதையும் விரல்களின் விரிப்பே ஈடுகட்ட வேண்டும். கை சாய்ந்து, விரல்கள் குழாயைச் சாய்வாகக் கடந்தால் அந்தச் சாய்வே ஒரு பங்கைத் தந்துவிடும். இரண்டு விரல்களுக்கு இடையே 2.5 செ.மீ. இருந்து, அவை 45 பாகையில் குழாயைக் கடந்தால், குழாயின் போக்கில் அந்த இடைவெளி 3.5 செ.மீ. ஆகிறது. அவ்வளவு சாய்வு எவருக்கும் தேவைப்படாது. ஆயினும் வலது முழங்கையை விலாவிலிருந்து ஒரு கையகலம் வெளியே நகர்த்தியதுமே அவருடைய மோதிர விரல் 6ஆவது துளையின் மேல் தானாக வந்து படிந்தது. முழங்கையை அவர் அதுவரை உடம்போடு ஒட்டியே வைத்திருந்தார்.

நாங்கள் பின்பற்றிய முறை இதுதான். முதலில் கையைத் தொங்கவிட்டு ஓர் உதறு உதற வேண்டும். பிறகு அதே தளர்ச்சியோடு கொண்டுவந்து, துளைகளை நினைக்காமல், தூங்கும் குழந்தையின் முதுகில் கை வைப்பதுபோல் குழாயின் மேல் வைக்க வேண்டும். கட்டை விரல் அடியில் 4, 5ஆவது துளைகளுக்கு நேராக எங்கேனும் சாய்ந்திருக்கட்டும். அதன் வேலை தாங்குவது, நெருக்குவது அன்று. அதன் பிறகே ஆள்காட்டி விரலின் நடுக்கணு, நடு விரலின் நடுக்கணு, மோதிர விரலின் நுனிக்கணு என்ற வரிசையில் ஒவ்வொன்றாகத் துளைக்கு மேல் நகர்த்த வேண்டும். சுண்டு விரல் 6ஆவது துளைக்குக் கீழே வெறும் குழாய்மேல் அமரும். மேல் கைக்கும் இதே ஏற்பாடுதான். அங்கே துளைகள் சற்று நெருக்கமாக இருப்பதால் சாய்வு குறைவாகப் போதும். இந்த வரிசை அவர் கைக்குப் பொருந்தியது. நடு விரல் மிக நீண்டவர்களுக்கு 2ஆவது, 5ஆவது துளைகளில் நடுக்கணுவின் மேற்பகுதி வந்து விழும். தடம் பார்த்து மாற்றிக்கொள்ள வேண்டியதுதான்.

அழுத்தத்தின் அளவை எப்படிச் சொல்வது என்று நான் திணறிக்கொண்டிருந்தபோது, வழி காட்டியவர் அவரே. மணிக்கட்டில் நாடி பார்க்கும்போது லேசாக வைத்தால்தான் துடிப்பு தெரியும், அழுத்தினால் துடிப்பே மறைந்துவிடும் என்று தம் பணியிலிருந்து ஒரு செய்தியைச் சொல்லிவிட்டு, குழாயின் மேல் விரல்களை அதே பாங்கில் வைத்தார். “நாடி பார்க்கிற அழுத்தம்தானேக்கா இது?” அதுதான். நாள்தோறும் பலமுறை அவர் விரல்கள் செய்கிற வேலை அது. நான் இரண்டு வாரம் சொல்லியும் விளங்காதது அந்த ஒரு நொடியில் அவர் கைக்குள் இறங்கிவிட்டது. வளையத் தடங்கள் அன்றைக்கே வெளிறின.

வாரங்கள் சென்ற விதம்

நான்காம், ஐந்தாம் வாரங்களில் 1 முதல் 3 வரையுள்ள துளைகளை டேப்பால் மூடிவிட்டு, கீழ்க் கைக்கு மட்டும் பயிற்சி. ச, ரி, க, ம என்ற நான்கே சுரங்கள். ஒரு வேளைக்கு 5 நிமிடம், நாளுக்கு இரண்டு வேளை. கடிகாரம் பார்த்து நிறுத்த வேண்டும் என்பதில் நான் கண்டிப்பாக இருந்தேன். கை களைத்த பிறகு செய்யும் ஒவ்வொரு முறையும் பழைய பிடியையே மறுபடி பழக்குகிறது. ஆறாம் வாரம் டேப்பை ஒவ்வொரு துளையாக, 3ஆவதிலிருந்து மேல் நோக்கி, அகற்றினோம். 1ஆவது துளையின் டேப் கடைசியாகப் போனது.

இடையில் ஒரு வாரம் எல்லாமே கெட்டுப்போனதுபோல் இருந்தது. முந்தைய வாரம் தெளிவாக வந்த சுரங்கள் கரகரத்தன. டிசம்பர்க் குளிரில் அலுமினியக் குழாய் சில்லிட்டுக் கிடக்க, மூச்சின் ஈரம் காற்று செல்லும் ஒடுங்கிய வழியில் படிந்து அடைத்திருந்தது. அடைப்பா கசிவா என்று பிரித்தறிய ஒரு வழி உண்டு: எந்தத் துளையையும் மூடாமல் ஊத வேண்டும், அதிலும் கரகரப்பு இருந்தால் விரல்மேல் பழியில்லை. குழாயின் தலைப்பகுதியைக் கம்பளிச் சட்டைக்குள் அக்குளில் ஐந்து நிமிடம் வைத்துச் சூடாக்கியதும் சரியாயிற்று. அதே வாரம் இன்னொன்றும் கண்டோம். பணி முடிந்து நேராக வந்த நாள்களில் அவர் தடங்கள் அறுந்தே விழுந்தன. நாள் முழுவதும் கிருமிநாசினி தடவித் தடவி வறண்டுபோன தோல், விளிம்போடு படிய மறுக்கிறது. வெதுவெதுப்பான நீரில் கைகழுவி, துடைத்து, கொஞ்ச நேரம் கழித்து ஊதினால் அதே விரல், அதே இடம், முழு வளையம்.

ஏழாம் வாரத்திலிருந்து பத்தாம் வாரம் வரை மெதுவான பாட்டுகள். குறிப்பாகச் சொல்ல எதுவுமில்லை, தொடர்ந்து ஊதினார்.

பதினோராம் வாரம் அலங்காரங்களுக்கு வந்தபோதுதான் புதிய பிடி அவருக்குப் பிடித்தமானதாயிற்று. அயர்லாந்து வாசிப்பில் ‘கட்’ என்பது ஒரு சுரத்துக்கு முன் மேல் விரலொன்றைக் கண நேரம் தூக்கி வைப்பது. ‘டாப்’ (tap) என்பது கீழ் விரலொன்றால் துளையைத் தட்டி எடுப்பது. விரல் வளைந்திருந்தால் இவை நடு மூட்டிலிருந்து பிறக்கும், கனமாக விழும். நீட்டிய விரலில் அசைவு உள்ளங்கையை ஒட்டிய மூட்டிலிருந்து வருகிறது. முழு விரலும் ஒரே துண்டாக எழுந்து விழுவதால் அசைவு சிறியது, ஒலி சுத்தம். கமகத்தைக் கைவிட நேரிடுமோ என்ற அவருடைய கவலையும் இங்கே தீர்ந்தது. 3ஆவது, 6ஆவது துளைகளில் மோதிர விரலின் நுனிக்கணுதான் இருக்கிறது. ஆகவே ‘ச’விலிருந்து ‘ரி’க்கும், ‘ம’விலிருந்து ‘ப’வுக்கும் வழுக்கிச் செல்ல அவருடைய பழைய உருட்டல் அப்படியே உதவியது. நடுக்கணு இருக்கும் துளைகளில் உருட்ட முடியாது. விரலைப் பக்கவாட்டில் இழுத்து எடுக்க வேண்டும். அது வேறு வித்தை, அதற்கு இன்னும் காலம் வேண்டும். கருவிக்கு ஏற்றபடி பிடி மாறினாலும் கேட்ட சங்கீதம் காதில் இருந்தால் கை அதற்கு வழி கண்டுவிடும் என்று நான் அப்போது உறுதியாக நம்பினேன், இப்போதும் நம்புகிறேன்.

சிறிய விசில் வாங்குவது பற்றி

முதல் நாள் அவர் கேட்ட கேள்விக்கு நேர்மையாகப் பதில் சொல்ல வேண்டும். சிறியதை வாங்குவதில் இழிவு ஏதுமில்லை. ஜி சுருதியிலான லோ விசிலுக்குக் காற்றுத்தூண் 44 செ.மீ. போதும், எஃப் சுருதிக்கு 49 செ.மீ.; இரண்டுமே அழகான குரல் உடையவை. டி சுருதியிலேயே விரல் நெருக்கமாக அமையும்படி செய்யப்பட்ட விசில்களும் கிடைக்கின்றன. துளையைச் சிறிதாக்கினால் அதைக் குழாயில் மேலே நகர்த்தி வைத்து அதே சுரத்தைப் பெறலாம் என்பதால் செய்பவர்கள் 6ஆவது துளையைச் சிறிதாக்கி மேலேற்றுகிறார்கள்; விலையாக அந்தச் சுரத்தின் கனம் கொஞ்சம் குறையும். விரல் பக்கம் சற்றே ஒதுக்கித் துளையிடுவதும் உண்டு.

ஆனால் அயர்லாந்தில் நாலுபேர் கூடி வாசிக்கும் செஷன்களில் பாட்டுகள் பெரும்பாலும் டி, ஜி சுருதிகளில்தான் போகின்றன. ஜி விசிலோடு அங்கே போய் உட்காருபவர் ஒவ்வொரு பாட்டுக்கும் விரலமைப்பை மாற்றி யோசிக்க வேண்டும், டி பாட்டுகள் பலவற்றில் கீழ்ச் சுரங்கள் இல்லாமல் தவிக்க வேண்டும். இவருடைய ஆசையே அந்த வட்டத்தில் உட்கார வேண்டும் என்பது. அதைவிட முக்கியமாக, இவருடைய குறை எட்டாமையால் வந்ததே அன்று. கசிவு 1ஆவது துளையில் இருக்கும்போது 6ஆவது துளையை நெருக்கமாக வைத்த விசிலை வாங்கியிருந்தால், அதிலும் மேல் ‘ச’ கத்தியிருக்கும். இரண்டாவது விசிலோடு சேர்த்துத் தம் கையையும் அவர் வெறுத்திருப்பார். கசிவு எங்கே என்று டேப் ஒட்டிப் பார்ப்பதற்கு முன் எவரும் பணம் செலவழிக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

14ஆம் வார நிலை

ஜனவரியில், எங்கள் ஊரின் வாராந்தர செஷன் ஒன்றில் அவர் முதல்முறையாக ஒரு மெதுவான பாட்டைத் தனியாக வாசித்தார். அதற்கு முன் 25 நிமிடங்கள் மற்றவர்களோடு சேர்ந்து வாசித்திருந்தார். கட்டை விரலில் வலி இல்லை. பாட்டு முழுவதிலும் கீழ் ‘ச’ ஏழு முறை வருகிறது, ஏழும் நின்றன. வாசித்து முடித்ததும் மேசை விளக்கின் கீழ் விரல்களைத் திருப்பிக் காட்டினார். ஐந்து விரல்களில் வெளிறிய முழு வளையங்கள்.

ஆறாவதான இடக்கை மோதிர விரலில் மட்டும் ஒரு பக்கம் இன்னும் திறந்திருக்கிறது. இரவுப் பணி முடித்து வரும் நாள்களில் அது தெளிவாகவே தெரிகிறது. அப்போது ‘ம’ லேசாகப் பிசிறுகிறது. கோமள நிஷாதத்துக்கு 1ஆவது துளையைத் திறந்து 2, 3ஐ மூடும்போது விசில் அவர் கையில் ஒரு நொடி ஆடுகிறது. சுண்டு விரலை அவர் அந்த நேரத்தில் தூக்கிவிடுகிறார். இடக்கைக் கட்டை விரலை அரை செ.மீ. கீழே, 2ஆவது துளைக்கு நேராக வைத்துப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். அடுத்த புதன்கிழமை தடம் பார்க்க வேண்டும்.